என் ஸ்டூலில் உட்கார்ந்தவள்

மார்ச் 3, திங்கள்

இன்னும் ஐம்பத்து நான்கு நாள். எண்ணுவது நான் இல்லை, சமையலறைச் சுவரில் மகள் ஒட்டி வைத்திருக்கும் அட்டை. காலையில் எழுந்ததும் ஒரு கட்டத்தை அடித்துவிட்டுத்தான் பல் தேய்க்கப் போகிறாள். பதின்மூன்று வயது. பிறந்து வளர்ந்த ஊரை விட்டு இரண்டு நாள் ரயில் தூரம் போகிறோமே என்று ஒரு சொட்டுக் கண்ணீர்? ம்ஹும். புது ஊரில் கடல் இருக்கிறதாம். அது போதும் அவளுக்கு.

இவர் அதற்கு மேல். மாற்றல் உத்தரவு வந்ததிலிருந்து வீட்டில் எதைப் பார்த்தாலும் கன அடிக் கணக்கில்தான் பார்க்கிறார். அலமாரி இத்தனை கன அடி, கட்டில் இத்தனை. நேற்று என்னையும் ஒரு தினுசாகப் பார்த்தார். லாரியில் இடம் இருக்குமா என்று யோசித்தாரோ என்னவோ.

கடையில் முதலாளி இன்று எனக்குப் பதில் வேலை பார்க்கப் போகிறவளைக் கூட்டி வந்து நிறுத்தினார். "இவங்ககிட்ட எல்லாத்தையும் கத்துக்கம்மா. இந்த மூக்குக்கண்ணாடிக் கடையே இவங்களாலதான் ஓடுது" என்றார். கேட்கக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. பிறகுதான் உறைத்தது. பதினாறு வருஷத்தில் இந்த மனிதர் ஒரு நாள்கூட இதை என்னிடம் சொன்னதில்லை. போகிற நேரத்தில் சொல்கிறார், அதுவும் இன்னொருத்தியிடம்.

முப்பது வயது இருக்கும் அவளுக்கு. முன்பு வேலை பார்த்த பெரிய கடையை மூடிவிட்டார்களாம். நான்கு மாதமாக வேலை இல்லாமல் இருந்திருக்கிறாள். பெயர் சொன்னாள். இந்த நோட்டில் அவள் 'புதுசு'. அது போதும்.

மார்ச் 5, புதன்

ஒரு முறை காட்டினால் பிடித்துக்கொள்கிறாள். முதல் நாள் எனக்குப் பெருமையாக இருந்தது, நான் சொல்லிக் கொடுக்கிற விதம் அப்படி என்று. இன்று எரிச்சலாக இருக்கிறது.

ஃபிரேமைச் சூடு காட்டி வளைக்க நான் கற்றுக்கொள்ள மூன்று மாதம் ஆயிற்று. நான்கு ஃபிரேமை உருக்கினேன், ஒரு விரலைச் சுட்டுக்கொண்டேன். இவள் வெயில் காய்கிற மாதிரி இரண்டு தடவை திருப்பிக் காட்டினாள், வளைத்தாள், முடிந்தது. வாங்க வந்தவர் மூக்கில் அப்படியே உட்கார்ந்துகொண்டது. முதலாளி மேசைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

குறை கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் தேடினேன். கடைசியில் கிடைத்தது. துடைக்கிற துணியை மூன்றாக மடிக்கிறாள், நாங்கள் நான்காக மடிப்போம். சொன்னேன். "சரிக்கா" என்று சிரித்தாள். சிரித்தால் அழகாக வேறு இருக்கிறாள்.

மார்ச் 8, சனி

வாசலில் நின்று ஒரு வாடிக்கையாளர் என்னிடம் கேட்டார்: "அந்தப் பொண்ணு இல்லையா?" வந்து ஆறு நாள்!

மார்ச் 11, செவ்வாய்

காலையில் கடைக்குள் நுழைந்தால் என் ஸ்டூலில் அவள்.

சுற்றினால் ஏறி இறங்கும் ஸ்டூல் அது. என் முழங்கையும் மேசை விளிம்பும் ஒரே மட்டத்தில் வரும்படி பல வருஷமாக ஒரே உயரத்தில் இருந்தது. நான்கு சுற்று இறக்கிவிட்டிருக்கிறாள். என் முகம் போன போக்கைப் பார்த்து உடனே எழுந்துகொண்டாள், அதைக் குறை சொல்ல முடியாது. முதலாளிதான் கையைக் காட்டி அவளை உட்கார வைத்தார். நான்தான் போகப் போகிறேனே, அவள் பழகட்டும் என்று அவரே உட்காரச் சொன்னாராம். எனக்கு வாடிக்கையாளர் நாற்காலி. பவர் பார்த்துக்கொள்ள வந்தவளைப் போல முழங்காலில் கையை வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். டீ வந்தது. முதல் கப் அவளுக்கு.

வீட்டிற்கு வந்தால் கூடத்தில் மூன்று குவியல். எடுத்துப் போவது, கொடுத்துவிடுவது, தூக்கிப் போடுவது. எதைக் கையில் எடுத்தாலும் இவர் "எதுல போடறது?" என்று கேட்கிறார். நான் போய் இரண்டாவது குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். யாருக்கும் புரியவில்லை. மகள் என் மடியில் ஒரு பழைய டார்ச்சை வைத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 14, வெள்ளி

இதை எழுதாமல் இருக்க முடியாது.

பெட்டி கட்ட அட்டைகள் வாங்க இவர் எங்கள் கடைப்பக்கம் வந்திருக்கிறார். நான் பாங்குக்குப் போயிருந்த அரைமணி நேரம். வந்தவர் சும்மா நிற்காமல், தன் கண்ணாடி இறங்கி இறங்கி வருகிறது என்று புதுசிடம் சொல்லியிருக்கிறார். அவளும் கழற்றி வாங்கி என்னமோ செய்து கொடுத்திருக்கிறாள்.

சாயங்காலம் அட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "போட்டிருக்கறதே தெரியல. அந்தப் பொண்ணு கையில ஏதோ இருக்கு."

கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த மனிதரின் மூக்கு என் பொறுப்பு. அதன் நடுவில் இருக்கும் சின்ன மேடு எனக்குத் தெரியும். தூங்கும்போது கண்ணாடியைக் கழற்றாமல் கோணலாக்கி வைப்பதும், ஞாயிறு தவறாமல் நான் அதை நிமிர்த்தி வைப்பதும் ஒரு நாளாவது அவருக்குத் தெரியுமா? ஒரு நாளாவது என் கையில் ஏதோ இருக்கிறது என்று சொன்னாரா? எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. போய் எல்லா டம்ளர்களையும் பேப்பரில் சுற்றினேன். சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர் குடிக்க டம்ளர் இல்லை.

மார்ச் 15, சனி

இவருடன் பேசவில்லை. காலையிலிருந்து. சாயங்காலம்தான் கவனித்தார். "என்ன, தொண்டை கட்டிடுச்சா?" என்று கேட்டுவிட்டு வெந்நீர் வைத்துக் கொடுத்தார். வெந்நீருக்கும் டம்ளர் இல்லை. கிண்ணத்தில் குடித்தேன்.

மார்ச் 19, புதன்

இன்று பாட்டு டீச்சர் வந்தார். மகள் படிக்கும் பள்ளியில் முப்பது வருஷமாகப் பாட்டு சொல்லிக் கொடுப்பவர். பியானோவும் அவரே வாசிப்பார். பவர் மாறியிருக்கிறது. ஏப்ரல் நான்காம் தேதி பள்ளி விழாவுக்கு முன்னால் புதுக் கண்ணாடி வேண்டும்.

டீச்சர் போடுவது மூன்று தூரமும் ஒன்றாக இருக்கும் கண்ணாடி. மேலே தூரத்துப் பார்வை, நடுவில் நடுத்தூரம், அடியில் படிக்க. கோடு தெரியாது. அதைச் செய்வதற்கு முன்னால் ஃபிரேமை மாட்டிவிட்டு, கண்ணின் பாவைக்கு நேரே பேனாவால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அந்தப் புள்ளியை வைத்துத்தான் எல்லாமே. ஒரு நூல் மேலே போனால் தூரத்தைப் பார்க்க வேண்டிய கண் நடுத்தூரம் வழியாகப் பார்க்கும். எல்லாம் மங்கும். தாடையை இறக்கினால்தான் தெரியும்.

டீச்சர் இயல்பில் தாடையைக் கொஞ்சம் தூக்கித்தான் வைத்திருப்பார். ஆனால் இந்த நாற்காலியில் உட்கார்ந்தவுடன், போட்டோவுக்கு உட்கார்ந்தது போலத் தலையை நேராக்கிக்கொள்வார். எனக்கு அது தெரிய இரண்டு கண்ணாடி வீணாயிற்று. அதற்குப் பிறகு நான் பேனாவை எடுக்கவே மாட்டேன். இந்த வருஷம் பிள்ளைகள் எப்படி என்று கேட்பேன். பேச ஆரம்பித்தால் தாடை தானாக மேலே போய்விடும். அப்போது டக்கென்று புள்ளி.

இதை எந்த வாடிக்கையாளர் அட்டையிலும் நான் எழுதி வைக்கவில்லை.

டீச்சர் உள்ளே வந்ததுமே, "எங்க அந்தப் புதுப் பொண்ணு? எல்லாரும் சொல்றாங்களே" என்றார். எல்லாரும்! என்னைப் பார்த்து ஒரு புன்னகை, அவளைப் பார்த்துப் பெரிய விசாரிப்பு. நாற்காலியில் உட்கார்ந்தார், தலை நேராயிற்று. புதுசு பேனாவை எடுத்தாள், நிறுத்தினாள். கண்ணாடி எடுக்கிற சாக்கில் அலமாரிப் பக்கம் என்னிடம் வந்தாள்.

"அக்கா, டீச்சர் வாசல்ல வரும்போது தலையைத் தூக்கி வெச்சிருந்தாங்க. இப்ப நேரா வெச்சிருக்காங்க. எதுல குறிக்கட்டும்?"

கவனித்துவிட்டாள். எனக்கு இரண்டு கண்ணாடி வீணானது. இவள் வாசலிலேயே கவனித்துவிட்டாள்.

"நேரா இருக்கறதுலயே போடு. அதுதான் முறை" என்றேன்.

வாயிலிருந்து வந்துவிட்டது. பொய்கூட இல்லை, புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. அவள் போய் வைத்தாள். நான் துணிகளை நான்காக மடித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 20, வியாழன்

லென்ஸ் செய்யும் லேபில் எங்கள் ஆர்டரைப் பதினொரு மணிக்குத்தான் எடுப்பார்கள், அதுவரை ஒரு போனில் நிறுத்திவிடலாம். பதினொன்று வரை போன் என் பக்கத்தில்தான் இருந்தது.

மார்ச் 29, சனி

கண்ணாடி வந்தது. டீச்சர் போட்டுப் பார்த்துவிட்டு, தூரத்தில் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கிறது என்றார். புதிய பவர், நான்கு நாள் பழக வேண்டும் என்றாள் புதுசு. யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள், நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள், சரிதானே என்கிற மாதிரி. நான் தலையாட்டினேன்.

வீட்டில் புத்தக அலமாரி காலி. பதினொரு பெட்டி. மகள் ஒவ்வொன்றிலும் கடல் வரைந்து வைத்திருக்கிறாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

எப்படி எழுதுவது.

பள்ளி விழா. மகளுக்கு இந்தப் பள்ளியில் கடைசி விழா, பாட்டுக் குழுவில் இரண்டாவது வரிசை. நாங்கள் இருவரும் முன்னாலேயே போய் இடம் பிடித்தோம். மேடையில் நாற்பது பிள்ளைகள் மூன்று வரிசையாக நின்றார்கள். கீழே ஓரத்தில் பியானோ, டீச்சர். எங்கள் கண்ணாடி.

டீச்சருக்கு ஒரு பழக்கம். பாட்டு எடுக்க வேண்டிய நேரத்தில் தூக்கியிருக்கும் தாடையை ஒரே ஒரு தடவை கீழே இறக்குவார். அதுதான் சைகை. முப்பது வருஷமாக அதுதான். பிள்ளைகளுக்கு அது பிரம்மாஸ்திரம் மாதிரி. அது இறங்கினால் நெருப்பே பிடித்தாலும் பாட வேண்டும்.

சிறப்பு விருந்தினர் பேசிக்கொண்டிருந்தார். மாணவர்களின் ஒழுக்கத்தைப் பற்றி. பின்வரிசையில் இரண்டு பயல்கள் இடித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் யார் என்று பார்க்க முயன்றார். தெரியவில்லை. எனக்குத் தெரியும் ஏன் தெரியவில்லை என்று. கண்ணைச் சுருக்கினார். பிறகு... தாடையை இறக்கினார்.

நாற்பது பேரும் ஒரே மூச்சில் எடுத்துவிட்டார்கள். "ஒழுக்கம் என்பது" என்று விருந்தினர் சொல்லி முடிக்கும் முன்னால். அவர் மைக்கைப் பிடித்தபடி திரும்பினார். டீச்சர் பதறிப்போய் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினார். அது இரண்டாம் சரணத்துக்கான சைகை. பிள்ளைகள் இரண்டாம் சரணத்துக்குத் தாவினார்கள்.

அரங்கமே சிரித்தது. இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணாடி கழன்று மடியில் விழும் அளவுக்குச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன், வந்தது. பிறகு டீச்சர் முகத்தைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இதற்கு என்ன ஆயிற்று என்பது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பின்னால் ஒரு அம்மா பக்கத்து அம்மாவிடம் சொன்னது: "டீச்சருக்கு வயசாயிடுச்சு, பாவம். அடுத்த வருஷம் வேற யாரையாவது போடணும்."

ஏப்ரல் 5, சனி

டீச்சர் கடை திறக்கும்போதே வந்துவிட்டார். சத்தம் போடவில்லை. கண்ணாடியை மேசைமேல் வைத்தார். தலைமையாசிரியை கூப்பிட்டு, ஓய்வு எடுத்துக்கொள்வது பற்றி யோசிக்கச் சொன்னாராம், ரொம்ப மரியாதையாக. "கண்ணாடியா, என் கண்ணா, இல்ல எனக்குத்தான் முடியலையா? எதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

முதலாளி ஃபிரேமை மாட்டிப் பார்த்தார். புள்ளி மேலே இருப்பது அவருக்கே தெரிந்துவிட்டது. "யார் குறிச்சது?"

"நான்தான் சார்" என்றாள் புதுசு.

அவ்வளவுதான் சொன்னாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அக்காதான் நேராகப் போடச் சொன்னார் என்று ஒரு வார்த்தை? இல்லை. முதலாளி எல்லார் முன்னாலும் அவளை வாங்கு வாங்கென்று வாங்கினார். முகத்தில் ஈ ஆடவில்லை அவளுக்கு. நின்று கேட்டுக்கொண்டாள்.

இத்தனை நாளும் கைதான் என்னைவிட நன்றாக இருந்தது. இப்போது குணமும். அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது அதுதான். என்ன ஜென்மம் நான்.

மத்தியானம் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இந்தப் பெண் சரிப்படாது, திங்கட்கிழமை கணக்கு முடித்து அனுப்பிவிடுகிறேன், வேறு ஆள் கிடைக்கும் வரை நீங்கள் இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போக முடியாதா, உங்களைப் போல யாரும் வர மாட்டார்கள் என்றார்.

உங்களைப் போல யாரும் வர மாட்டார்கள். இதைக் கேட்க ஒரு மாதமாகத் தவித்துக்கொண்டிருந்தேன். கேட்டாயிற்று. திரும்பி வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்தேன். நான்கு சுற்று ஏற்றினேன். உட்கார முடியவில்லை. பின்பக்கம் போய்க் கண்ணாடி கழுவினேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இரண்டு மாதம் இருக்கச் சொல்கிறார்கள் என்று இவரிடம் சொன்னேன். மறுப்பார் என்று நினைத்தேன். "நீ ஆசைப்பட்டா இருந்துட்டு வா. நாங்க ரெண்டு பேரும் சமாளிச்சுக்குவோம்" என்றார். மகளும், "ஆமாம்மா, அப்பா சமைப்பாரு" என்கிறாள். சமாளிப்பார்களாம்! பேசாமல் எல்லாரும் என்னைப் பேப்பரில் சுற்றி இங்கேயே வைத்துவிட்டுப் போகட்டும்.

சமையலறைச் சாமான்களைக் கட்டினோம். எதைத் தொட்டாலும் மனம் கடைக்கே போகிறது. டீச்சர் தனக்குத்தான் முடியவில்லையோ என்று கேட்டாரே. என்னை யாராவது அப்படி நினைத்துவிடுவார்களோ என்று ஒரு மாதமாக நான் வெந்துகொண்டிருந்தேன். அதைத் தூக்கி அப்படியே டீச்சர் தலையில் போட்டிருக்கிறேன். அவள் நான்கு மாதம் வேலை இல்லாமல் இருந்தவள். நாளைக்கு மறுபடியும் வீட்டில் இருப்பாள். யாரால்? துணி மூன்றாக மடித்ததாலா?

சொன்னால் பதினாறு வருஷப் பெயர் போகும். சொல்லாவிட்டால் பெயர் இருக்கும், நான் அதைப் பார்க்கும்போதெல்லாம்... வேண்டாம். நாளை சொல்லிவிட வேண்டும். கடை திறப்பதற்கு முன்னால். யோசிக்க நேரம் இருந்தால் சொல்ல மாட்டேன்.

ஏப்ரல் 7, திங்கள்

சொல்லிவிட்டேன்.

ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால் அவளைத்தான் முதலில் பிடித்தேன். நான் சொன்னதை ஏன் முதலாளியிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க ஏதோ ஞாபகத்துல சொல்லியிருப்பீங்கக்கா. இத்தனை வருஷம் நல்ல பேரோட இருந்துட்டுப் போற நேரத்துல எதுக்குன்னு விட்டுட்டேன்."

"ஞாபகமில்லாம சொல்லல. தெரிஞ்சுதான் சொன்னேன்."

புரியவில்லை அவளுக்கு. நான் விளக்க வேண்டியிருந்தது. வாசலில் நின்றுகொண்டு, எனக்கு உன்னைப் பார்த்தால் வயிற்றெரிச்சல், அதனால்தான் என்று நாற்பத்தொரு வயதில் ஒருத்தியிடம் சொல்வது எப்படி இருக்கும்? ஸ்டூல், டீ, இவர் மூக்கு, எல்லாவற்றையும் சொன்னேன். மூக்கைச் சொல்லும்போது சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "எனக்கு இந்த வேலை எவ்வளவு முக்கியம்னு உங்களுக்குத் தெரியும்ல" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

முதலாளியிடமும் அப்படியே சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். இரண்டு மாதப் பேச்சை எடுக்கவில்லை. வீட்டில் பெட்டி கட்டுகிற வேலை நிறைய இருக்குமே, இந்த வாரத்தோடு நின்றுகொள்ளுங்கள் என்றார். 'ங்க' போட்டுத்தான் சொன்னார், அதில் குறை வைக்கவில்லை. பள்ளிக்குக் கடைத்தாளில் ஒரு கடிதம் எழுதச் சொன்னார், அளவு தவறியது எங்கள் பிழை, டீச்சரின் கண்ணில் ஒன்றும் இல்லை என்று. கடையின் பெயருக்குக் கீழே என் பெயரைப் போட்டேன். யாரும் போடச் சொல்லவில்லை.

நாள் முழுக்க அவள் என்னை ஒரு தடவைகூட 'அக்கா' என்று கூப்பிடவில்லை. 'இங்க பாருங்க' என்றுதான்.

ஏப்ரல் 9, புதன்

டீச்சர் மறுபடி அளவு கொடுக்க வந்தார். கடிதத்தை நானே கையில் எடுத்துக்கொண்டு நேற்றுப் பள்ளிக்குப் போயிருந்தேன். தலைமையாசிரியை படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். விருந்தினரின் பேச்சு இருபது நிமிடம் தாண்டியிருந்ததாம். பிள்ளைகள் பாடியிருக்காவிட்டால் நானே எழுந்து பாடியிருப்பேன் என்றார். ஓய்வுப் பேச்சு அத்தோடு போயிற்று.

டீச்சர் அப்படிச் சிரிக்கவில்லை. நான் வழக்கம் போலப் பேனாவை எடுத்தேன். அவர் என் கையைப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணே போடட்டும்மா."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பேனாவை அவளிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தேன். அவள் உட்கார்ந்தாள், பேனாவை மடியில் வைத்துக்கொண்டு, பின்வரிசைப் பயல்கள் இரண்டு பேரையும் டீச்சர் என்ன செய்தார் என்று கேட்டாள். டீச்சர் ஆரம்பித்தார். தாடை மேலே போயிற்று. புள்ளி.

நான் வைத்திருந்தால்கூட அவ்வளவு சரியாக இருந்திருக்காது. பொறாமையாக இருந்தது. இருந்தது, என்ன செய்ய.

ஏப்ரல் 12, சனி

கடையில் கடைசி நாள். பூங்கொத்து, போட்டோ ஒன்றும் இல்லை. எதிர்பார்க்கவும் முகம் இல்லை. என் சின்ன ஸ்க்ரூடிரைவரை மேசையிலேயே விட்டுவிட்டேன், அது கடையுடையது என்று முதலாளி சொல்லிவிடுவாரோ என்கிற பயத்தில். சாயங்காலம் வாசல் படி இறங்கும்போது பின்னாலிருந்து குரல்: "பார்த்துப் போங்கக்கா. படி ஈரமா இருக்கு."

'அக்கா' வந்துவிட்டது. தெருமுனை வரை திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். திரும்பியிருந்தால் அழுதிருப்பேன்.

ஏப்ரல் 26, சனி

ரயில். இவர் கட்டிய முப்பத்தெட்டுப் பெட்டியும் லாரியில். டம்ளர்கள் எந்தப் பெட்டியில் என்று யாருக்கும் தெரியாது.

மே 17, சனி

கடல் இருக்கிறது. மகள் தினமும் போகிறாள். எனக்கு இன்னும் வேலை இல்லை. ஜன்னல் திரைகளுக்கு அளவெடுத்தேன், கண்ணுக்கு எடுப்பது போல நூல் பிசகாமல். இவர் பார்த்துவிட்டு, "உன் கையில ஏதோ இருக்கு" என்றார். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்றேன். அவருக்கு ஞாபகமே இல்லை.

ஜூன் 12, வியாழன்

புதுக் கடையில் நான்காவது நாள். கண்ணாடிச் சுவர், வெள்ளை விளக்கு, என்னைத் தவிர எல்லாரும் முப்பதுக்குள். இங்கே பேனா கிடையாது. வாடிக்கையாளருக்கு ஃபிரேமை மாட்டி, அதன்மேல் ஒரு கிளிப்பை மாட்டி, டேப்லெட்டில் படம் எடுக்க வேண்டும். அளவை அதுவே சொல்லும். எனக்கு மட்டும் தப்பாகவே சொல்கிறது. காலையில் மூன்று தடவை எடுத்தேன், மூன்று தடவையும் ஒவ்வொரு அளவு. பக்கத்தில் இருந்த பெண் என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள். "விடுங்க மேடம், நாங்க பார்த்துக்கறோம்."

மாடிப்படிக்குப் போய் நின்றேன். இந்தக் கருவியில் வேலை பார்த்தவள் என்று எனக்குத் தெரிந்து ஒருத்திதான். அவள் முன்பு இருந்த பெரிய கடையில் இதுதான். பத்து நிமிடம் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டு, அழுத்தினேன்.

எடுத்தவுடன் "சொல்லுங்கக்கா" என்றாள், நேற்றுப் பேசியவள் போல. நான் நிற்கிற தூரம் தப்பு என்றாள். கிளிப்பை எப்படி மாட்ட வேண்டும், விளக்கு எந்தப் பக்கம் இருந்தால் அது ஏமாறும், அது ஏமாந்தால் எப்படித் தெரியும். கடைசியாகச் சொன்னதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லையாம், ஆறு மாதம் திட்டு வாங்கித் தானாகக் கண்டுபிடித்ததாம். நான் கேட்கவே இல்லை, அதையும் சொன்னாள்.

வைப்பதற்கு முன்னால் கேட்டேன். "நான் உனக்குச் சொல்லாம விட்டது வேற ஏதாவது இருக்கா?"



"நிறைய இருக்குக்கா. ஒவ்வொருத்தரா வந்து திட்டும்போதுதான் தெரியுது. இப்பக்கூட பாங்க்ல வேலை பாக்கற அண்ணன் உக்காந்திருக்காரு, மூணாவது தடவை. கண்ணாடி கோணலா இருக்காம். கையில வெச்சுப் பார்த்தா நேராத்தான் இருக்கு."

கண்ணாடி நேராகத்தான் இருக்கும். அவருடைய இடது காது கொஞ்சம் கீழே. அவருக்கே தெரியாது, சொன்னால் மனம் நோவார். ஃபிரேமில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டு இடது காதுக் கம்பியை ஒரு நூல் இறக்கிவிட வேண்டும். சொன்னேன். "இருங்க" என்று போனை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். தூரத்தில் அவர் குரல் கேட்டது, பரம திருப்தியாக. அவளைத்தான் பாராட்டிக்கொண்டிருந்தார். சுருக்கென்றது. இருந்தாலும் கடைசி வரை கேட்டேன்.

மத்தியானம் டேப்லெட்டில் நான்கு பேருக்கு எடுத்தேன். நான்கும் சரி. பக்கத்துப் பெண் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் வந்ததும் மகளின் பழைய நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தக் கடைக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவராக. யாருக்கு மூக்கில் எந்தப் பக்கம் அழுந்தும், யார் பவர் ஏறியதைச் சொன்னால் சாப்பிட மாட்டார், யார் படிப்பதாகச் சொல்லிவிட்டுத் தைப்பார். அவளுக்கு அனுப்ப. இதுவரை நாற்பத்தொரு பேர் வந்திருக்கிறார்கள். இன்னும் இருக்கிறார்கள்.